பச்சைக் குறியும் பிழைப்பின் வழியும்

(ராஜபாளையத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிறர் காணும்படி உடம்பிற் பச்சை குத்திக்கொள்வதால் நம் மதிப்பிற்கும் உத்தியோகத்திற்கும் விளைவது யாது என்பது பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இச்சிறு விஷயத்திற்கு ஒரு கூட்டம் வேண்டுமோ என்று உங்களிற் சிலர் எண்ணலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எம் உறவினர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் காணும் வரையில் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அவ்வில்லத்து மகன் பட்டம் பெற்றவன். காவற்படையொன்றிற் சேர விரும்பி, இரண்டாண்டுகள் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகினான். எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டத்திலும் தேறினான். வைத்தியப் பரிசோதனையிற் சட்டையைக் களையச் சொன்னார்கள். வலது முன்கையில், மணிக்கட்டு முதல் முழங்கை வரையில், நம் சமூகத்தின் பட்டப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முந்திய ஆண்டு ஆடிப்பூரத் தேரன்று தோழரோடு கூடிக் குத்திக்கொண்டது அது. அதன் பொருட்டே அவன் தகுதியற்றவனென்று எழுதப்பட்டு வீடு திரும்பினான். "நம்ம பேரைத்தானே மாமா எழுதினேன்? அது ஒரு குற்றமா?" என்று அவன் எம்மைக் கேட்டபொழுது எமக்கு நா எழவில்லை. அன்று கூறாத விடையையே இன்று உங்கள் முன் கூறப் புகுகின்றோம்.

பச்சை குத்துதல் நமக்குப் புதிதன்று. எம் பாட்டியாரின் முன்கையிற் புள்ளிக்கோலமும் தேளும் இருந்தன. குறத்தியர் ஊர்தோறும் வந்து, மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்து மெல்லிய துணியிற் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து ஊசியாற் குத்துவர். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் துரை இம்முறையை எழுதிவைத்துள்ளார். நகை நட்டெல்லாம் இங்கேயே நின்றுவிடும், பச்சை ஒன்றே உடன்வரும் என்று நம் மூதாட்டிகள் நம்பினர்.

இன்னும், நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார் சக்கரப்பொறி ஒற்றிக்கொண்ட அடியாராகத் தம்மைத் திருப்பல்லாண்டிற் கூறிக்கொள்கின்றார். வைஷ்ணவர்கள் இன்றும் ஆசாரியரிடம் சங்கசக்கர இலச்சினையைத் தோள்களிற் பெறுகின்றனர். அது சூட்டுக்குறியேயன்றிப் பச்சையன்று. எனினும் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தோளில் இடப்படுவதை மேலாடை மறைக்கும். அது அடியவனுக்கும் தெய்வத்துக்கும் இடையே நிற்பது. கடைவீதியிற் காட்டுவதற்காக இடப்படுவதன்று.

நிற்க. பாட்டியார் கையிலிருந்த குறியைக் கண்டவர் யாவர்? அண்டை வீட்டார், களத்துமேட்டார், சம்பந்திகள் ஆகிய இவர்களே. அவரது குணத்தை முன்பே அறிந்தவர்களாதலின், குறியைக் கண்டு அவரை எடைபோட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்ததில்லை. 1936-ஆம் ஆண்டில் ராஜபாளையத்திற் பஞ்சாலை தோன்றியது முதல் நம்மவர் முன்பின் அறியாதாரிடம் வேலை கேட்டு நிற்கும் காலம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்கின்றனர். எதிரே அமர்ந்திருப்பவர் சில நிமிஷங்களில் முடிவு கூற வேண்டியவர். குணத்தை அறிய அவருக்கு அவகாசமில்லை. கண்ணிற் பட்டதைக் கொண்டு கருத்தைக் கட்டிக்கொள்கிறார். அது நியாயமன்று; ஆயினும் நடப்பது அதுவே.

உடற்குறியைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்திற்குக் கொடியதொரு பூர்வகதையும் உண்டு. கும்பினியார் ஆட்சியில், வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியிற் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினர். சென்னை மாகாணத்திற்கும் இவ்வழக்கம் பரவி, 1849-இலேயே ஒழிந்தது. ஜப்பானில் 1872-இற் பச்சைக்கு விதித்த தடை 1948-இல் நீங்கியும், பொது நீராடுமிடங்கள் பலவற்றிற் பச்சை உடையாரை இன்றும் அனுமதிப்பதில்லை. சட்டம் மாறிய பின்னரும் மனம் மாற நெடுங்காலம் ஆகின்றது.

இனி, இன்றுள்ள விதிகளைக் கூறுவோம். நம் ராஜபாளையத்திலேயே தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் 11-ஆம் அணி இருத்தலால், சீருடை உத்தியோகத்தில் நம் இளைஞர்க்கு ஆசை மிகுதி. இந்திய ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சைக்கு இடமுண்டு. வழிவழிவந்த வழக்கமுடைய பழங்குடியினர்க்கு மட்டும் தனிச் சலுகை. மத்திய ஆயுதக் காவற்படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு விதியோ, வணக்கம் செய்யாத இடது முன்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் குறிக்கின்றது; அளவும் அவ்வுறுப்பின் காற்பங்கிற்குக் குறைந்திருத்தல் வேண்டும். அனுமதிக்கப்படுபவை சமயக்குறியும் பெயரும். சாதிப்பட்டம் அவற்றுள் எண்ணப்படவில்லை. 2022-இல் டில்லி உயர் நீதிமன்றத்திற்கு வந்த ஒரு வழக்கில், வலக்கையிற் சமயக்குறி பொறித்திருந்ததனால் விலக்கப்பட்ட இளைஞர், அதனை நீக்கிக்கொண்டு புதிய வைத்தியக் குழுவின் முன் செல்லுமாறு பணிக்கப்பெற்றார். சமயக்குறிக்கே இந்நிலையென்றால் மற்றவற்றைக் கூறவும் வேண்டுமோ?

நீக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். மை தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளடுக்கிற் படிவது. லேசர் ஒளி அதனைத் துகள் துகளாக உடைக்க, உடம்பு சிறிது சிறிதாக அகற்றுகின்றது. பல வார இடைவெளி விட்டுப் பலமுறை செய்தல் வேண்டும். கறுப்பு எளிதில் மங்கும், வேறு நிறங்கள் எளிதில் மங்கா. தழும்பு நிற்பதும் உண்டு. குத்திக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். அழிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் வயதுவரம்பு கடந்துவிடும்.

மிக முக்கியமானதும், கூறுவதற்குச் சங்கடமானதுமான விஷயத்திற்கு இப்பொழுது வருகின்றோம். நம் பிள்ளையின் கையிலிருந்தது பூவோ கோலமோ அன்று, நம் சாதிப்பெயர். நம் சங்கத்தின் மேடைகளில் நாம் பெருமை பேசக் கேட்டே அவன் அதனைக் கையிற் பொறித்தான். ஆதலின் அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. நியூஸிலாந்தில் 2020-இல் மாவோரி மாதொருவர் மோவாயிற் குலப்பச்சையுடன் வெளிநாட்டு மந்திரியாகவில்லையோ, நம் குலக்குறிக்கு மட்டும் ஏன் இழிவு என்று ஓர் இளைஞர் எம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. அம்மக்களின் வழக்கம் அந்நியராட்சியில் இகழப்பட்டு மங்கிப்போயிருந்தது. அதை அவர்கள் மீட்டெடுத்தனர். நம் தென்ஜில்லாக்களிலோ, கையிலுள்ள சாதிப்பெயரை அடுத்த தெருக்காரன் தன்மேல் ஓங்கிய கையாகவே கொள்கின்றான். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியிற் பள்ளிமாணவர்கள், தம்முடன் பயின்ற ஒரு பிள்ளையை, சாதியின் பொருட்டு, அவன் வீட்டிற் புகுந்து வெட்டிய கொடுமையை நாம் மறக்கவில்லை. அதன்பின் அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக்குறிகளையும் பள்ளிகளில் விலக்குமாறு கூறிற்று. கயிற்றை மாலையில் அவிழ்த்துவிடலாம். தோலில் எழுதியதை எங்ஙனம் அவிழ்ப்பது?

அன்றியும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட்டிற் பழகியவர்களுக்குத் தெரியும்: போலீஸ் கட்டுகளில் அங்க அடையாளமாகப் பச்சையும் குறிக்கப்படும். பெருமையென்று பொறித்த பெயர், நாளை ஒரு கலகத்தில் அருகே நின்றவனைக்கூடக் குற்றவாளியாகக் காட்டிவிடலாம். நம் சமூகத்தின் பெயருக்கு அதனினும் பெரிய அவமானம் வேறில்லை.

ஆதலின் இளைஞர்களே, யாம் வேண்டுவது இவ்வளவே. பதினெட்டு வயதிற் கொண்ட விருப்பத்தை இருபத்தைந்து வயதிற்குரிய கையில் எழுதாதீர்கள். தாயின் பெயரோ தெய்வத்தின் உருவோ வேண்டுமெனின், உத்தியோகத்தில் அமர்ந்த பின், ஆடை மறைக்குமிடத்திற் சிறிதாகக் குத்திக்கொள்ளுங்கள். சாதியின் பெயரை மட்டும் எவ்விடத்தும் வேண்டாம். குத்தும் ஊசி புதிதாவென்று பாருங்கள்; குத்திக்கொண்டபின் ஓராண்டு வரையில் இரத்ததானம் செய்தலாகாது என்பது விதி.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் அங்கத்தினர்களிற் பலர் ஜவுளிக்கடையும் தறிகளும் சத்திரப்பட்டியிற் பேண்டேஜ் துணித் தொழிலும் நடத்துகின்றீர்கள். பச்சை குத்திய கையுடன் ஒருவன் வேலை கேட்டு வந்தால், கையைப் பார்த்த அளவில் அனுப்பிவிடாதீர்கள். அக்கையால் வேலை வாங்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறியைக் கொண்டு நம் பிள்ளையை விலக்கினார்களே என்று வருந்தும் நாம், அதே அளவுகோலால் அயலான் பிள்ளையை அளப்பது தகுமோ?

எம் மருமகன் இப்பொழுது சிகிச்சை பெற்று வருகின்றான். எழுத்துக்கள் பாதி மங்கியிருக்கின்றன. அடுத்த தேர்விற்கு வயது இடங்கொடுக்கும். "உன் பேரிற் குற்றமில்லை, தம்பி, எழுதிய இடந்தான் தவறு. நம் பேரை நீ செய்யும் வேலையில் எழுது" என்று அவனுக்கு விடை கூறிவிட்டோம். "வேலை கிடைக்கட்டும் மாமா, எழுதுகிறேன்" என்றான். அவனுக்கும் அவனையொத்த பிள்ளைகளுக்கும் அவ்வேலை விரைவிற் கிடைக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.