ரப்பர் ஸ்டாம்ப்: கே.ஆர். நாராயணனை முன்வைத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். சோத்துக்கு வங்கியில் குமாஸ்தா வேலை. காலையில் சீட்டில் உட்கார்ந்தால் கையில் ரப்பர் ஸ்டாம்ப். செலானுக்கு ஒரு குத்து, வவுச்சருக்கு ஒரு குத்து. அதனால் ரப்பர் ஸ்டாம்ப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். பதவி உயர்வு பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளு ஜனாதிபதியாவே இருந்துட்டாரு. இன்னும் என்னப்பா கோட்டா?" டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன்.

யார் அந்த 'உங்க ஆளு'? கோட்டயம் பக்கம் உழவூரில், தலித் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நாட்டு வைத்தியர். பள்ளிக்கூடத்துக்கு தினம் 15 கிலோமீட்டர் நடை. பீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பையன். புத்தகம் வாங்கக் காசில்லை. அண்ணன் இரவல் வாங்கிக் கையால் எழுதிக் கொடுத்தார். 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம், முதல் வகுப்பு. விரிவுரையாளர் வேலை கேட்டவருக்குக் குமாஸ்தா வேலை தருகிறோம் என்றார்கள் என்பது கேரளத்தில் இன்றும் பேசப்படுகிற செய்தி. குமாஸ்தாவான எனக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

டாட்டா உதவித்தொகையில் லண்டன் போனார். லாஸ்கியிடம் படித்தார். 1949இல் வெளியுறவுப் பணி. 1962 யுத்தத்துக்குப் பிறகு சீனாவுக்குப் போன முதல் தூதர் அவர்தான். ஒற்றப்பாலத்தில் மூன்று முறை எம்.பி. 1992இல் துணைக் குடியரசுத் தலைவர். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு 25 நாள் முன்னால், ஜூன் 30, மேலவளவு. பஸ்ஸை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். அவரும் தலைவர், இவரும் தலைவர். அங்கே அரிவாள், இங்கே மாலை. ஏன்? ஊராட்சி நாற்காலியில் கண்மாய் ஏலம் இருக்கிறது, ரோடு இருக்கிறது, ஊர்ப் பணம் இருக்கிறது. டெல்லி நாற்காலி காலி என்று நினைத்தார்கள். அதனால்தான் கொடுத்தார்கள்.

அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? நம் பேச்சு அதைப் பற்றித்தான்.

அமைச்சரவை சொன்னபடி நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 74ஆவது பிரிவு. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் ஒரு சின்னச் சந்து விட்டது: ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்தால் ஏற்றே ஆக வேண்டும். அந்தச் சந்தில் அவர் நுழைந்தார். 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை அனுப்பிய கோப்பு திரும்பிப் போனது. 1998 செப்டம்பரில் பீகார் அரசைக் கலைக்கச் சொல்லி வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பியதும் திரும்பிப் போனது. எந்தக் கட்சி அனுப்பியது என்று பார்க்கவில்லை. என் கவுண்டரிலும் அப்படித்தான். சரியில்லாத செலானைக் குத்தாமல் திருப்புவதும் ஸ்டாம்ப் வைத்திருப்பவன் வேலைதான்.

1998 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பதவியில் இருந்தபடி அப்படிச் செய்த முதல் குடியரசுத் தலைவர். நீதிபதிகள் நியமனக் கோப்பில், தகுதியுள்ள தலித், பழங்குடியினரையும் கருத்தில் கொள்ளுங்கள் என்று குறிப்பு எழுதினார். அப்போது உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. 2000 ஜனவரி 27, நாடாளுமன்ற மைய மண்டபம். அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதலாம் என்ற பேச்சு அடிபட்ட நேரம். சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் சட்டத்தைக் கைவிட்டோமா என்று ஆட்சியாளர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்.

ஆனால் தோழர்களே, படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பதவியேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேசிய அவமானம் என்றார். அவரால் சொல்லத்தான் முடிந்தது. தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. 2002இல் குஜராத் எரிந்தபோது ராணுவத்தை முழுமையாக இறக்கச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். கடிதம்தான் எழுத முடிந்தது. 2005 நவம்பர் 9 அன்று காலமானார்.

2017இல் கோவிந்த் வந்தார். 2022இல் பழங்குடிப் பெண்ணான முர்மு வந்தார். நம்மவர் என்று கைதட்டுவதோடு நிறுத்தினால், நாற்காலி கொடுத்தவர்களுக்கு நிம்மதி. எந்தக் கோப்பு திரும்பிப் போனது என்று கேளுங்கள். அதை நாராயணனிடமும் கேட்கலாம். அவரிடம் பதில் இருக்கிறது.

பக்கத்து சீட்டுக்காரருக்கு என் பதில் இதுதான்: அண்ணே, டெல்லி நாற்காலியைக் கொடுத்தீங்க, சரி. மேலவளவு நாற்காலியைக் கொடுத்தீங்களா?

ஜெய்பீம்.