சின்னக் கணனிக்கும் ஒரு நிலையான விலாசம்

(இரத்தினபுரி தோட்டப் பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஆற்றிய உரை)



விலாசத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. லயத்துக் காம்பராவுக்கென்று தனி விலாசம் இல்லாமல், நம்ம பெயருக்கு வரும் கடிதம் காலங்காலமாகத் தோட்டத்து ஆபீஸைச் சுற்றித்தான் கைக்கு வந்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தினால் வேலையும் போனதுதான். கணனிக்கும் இதே கதைதான்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நம்ம புள்ளைங்க சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினாங்க. பாடங்களை ஒரு சின்னக் கணனியில் சேர்த்து வைத்தால் அந்த அலைச்சல் குறையும். 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை அப்படிப்பட்டது. உள்ளங்கை அளவுதான். லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும், வாசிகசாலையில் ஒரு ரவுட்டர் இருந்தால் போதும். பிள்ளைகளின் போனுக்குப் பாடம் போகும்.

ஆனால் ரவுட்டர் அதற்கு இன்றைக்கு ஓர் இலக்கம் கொடுக்கும், நாளைக்கு வேறொன்று கொடுக்கும். பிள்ளை எங்கே போய்த் தேடும்? அதனால்தான் நாமே நிலையான இலக்கம் எழுதுகிறோம். எழுதியும் வேலை செய்யாவிட்டால் பதறாமல், கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஒவ்வொன்றாகப் பாருங்க.

முதலாவது, எழுதிய இடம் சரியா? 2023 ஒக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை, நெட்வேர்க் மெனேஜர் என்ற முறைக்கு மாறிவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து டி.எச்.சி.பி.சி.டி. கோப்பில் எழுதினால் கணனி அதைத் திரும்பியும் பார்க்காது. என்.எம்.டி.யு.ஐ. என்ற கட்டளையைக் கொடுங்க. நிரப்புவதற்கு ஒரு படிவம் வரும்.

இரண்டாவது, 192.168.1.50 என்று எழுதினால் அதன் பின்னால் /24 என்றும் போட வேண்டும். அது விடுபட்டால், லயத்தில் தான் மட்டுமே இருப்பதாகக் கணனி நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பிங் என்ற கட்டளையால் ரவுட்டரைக் கூப்பிட்டுப் பாருங்க. பதில் இல்லையா? வயரைப் பாருங்க. ரவுட்டரை மாற்றினீர்களா என்றும் கேளுங்க. புது ரவுட்டர் 192.168.8 வரிசையில் இருந்தால், நம்ம இலக்கம் வேறு தோட்டத்து விலாசம் மாதிரிதான்.

இவ்வளவும் சரியென்றால் பாடம் ஓடும். புதுப் பாடம் இறக்கத்தான் வெளித் தொடர்பு வேண்டும். அதற்கு 8.8.8.8ஐக் கூப்பிடுங்க. ரவுட்டர் பேசியும் இது பேசாவிட்டால், கேட்வே இலக்கம் பிழை அல்லது வெளி லைன் இல்லை. இலக்கம் பேசியும் தளத்தின் பெயர் பேசாவிட்டால், டி.என்.எஸ். பிழை.

ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்கிறதா? அதே இலக்கத்தை ரவுட்டர் யாருடைய போனுக்கோ கொடுத்திருக்கலாம். ஒரே காம்பராவை இரண்டு குடும்பத்துக்கு எழுதின மாதிரி! ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே ஓர் இலக்கம் எடுங்க.

கடைசியாக ஒன்று. இலக்கம், /24, கேட்வே, டி.என்.எஸ். இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டுங்க. அமைத்துத் தந்த தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனாலும், இங்கே படிக்கிற தங்கச்சி அதைப் பார்த்துச் சரிசெய்வாள். பிள்ளைகளின் பாடம் ஒருவரை நம்பி நின்றுவிடக் கூடாது.