நகரத்துக்குள் ஒரு மீனவர் ஊர்



தாராவி என்றதும் எது நினைவுக்கு வருகிறது? நெருக்கமான வீடுகள். தோல் பட்டறைகள். இட்லி வியாபாரம். ஆனால் தாராவி முதலில் ஒரு மீனவர் ஊர். அந்த ஊர் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் தாராவி கோளிவாடா.

கோளிகள் மும்பையின் பூர்வகுடிகள். மும்பை ஏழு தீவுகளாக இருந்த காலத்திலேயே இங்கே வாழ்ந்தவர்கள். 1909-ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட பம்பாய் கெஜட்டியர், ஆறு பெரிய கோளிவாடாக்களைக் குறிப்பிடுகிறது. அவற்றில் தாராவியும் ஒன்று.

அன்று மாகிம் கழி இவர்கள் வாசல்வரை வந்தது. ஆண்கள் படகில் போய் மீனும் இறாலும் பிடித்தார்கள். பெண்கள் கூடையில் சுமந்து விற்றார்கள். விலை பேசுவது பெண்கள்தான். காசைக் கையில் வைத்திருப்பதும் பெண்கள்தான்.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். பல மீன்கள் முட்டையிடும் காலமும் அதுவே. அப்போது வலை போடமாட்டார்கள். ஆகஸ்ட் வாக்கில் வரும் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைப்பார்கள். அதற்கு நாரளி பௌர்ணமி என்று பெயர். அதன் பிறகே படகு கடலில் இறங்கும்.

காலம் மாறியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். குஜராத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். அவர்கள் குடியேறிய இடம் கும்பார்வாடா ஆனது. நகரம் தன் குப்பையையும் கழிவுநீரையும் கழியில் தள்ளியது. சதுப்பு நிலம் மேடானது. மித்தி ஆறு சாக்கடையானது. மீன் குறைந்தது. கோளிகள் பலர் வேறு வேலை தேடிப் போனார்கள்.

தொழில் போனது. ஆனால் ஊர் போகவில்லை. ஏன்? அவர்கள் வீட்டில் தங்கள் பேச்சை விடவில்லை. ஹோலிப் பண்டிகையை ஊர் கூடிக் கொண்டாடுகிறார்கள். ஊர்க் காரியங்களைச் சேர்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

தூரத்தில் அயர்லாந்து என்றொரு நாடு. அதன் மேற்குக் கடற்கரையிலும் அரன் தீவுகளிலும் சிறு சிறு ஊர்கள் உள்ளன. நாடு முழுவதும் ஆங்கிலம் பேசுகிறது. ஆனால் இந்த ஊர்களில் பலர் வீட்டில் ஐரிஷ் பேசுகிறார்கள். கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகள் அங்கே வந்து தங்குகிறார்கள். எதற்கு? பாட்டன் பூட்டன் பேசிய மொழியைக் கற்பதற்கு! இழந்த மொழியைத் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாராவித் தமிழர்களுக்கும் இதே கதைதான். பொங்கலன்று 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கிறார்கள். மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆனால் பெற்றோர் பலர் ஆங்கிலப் பள்ளியை நாடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வீட்டிலும் தமிழ் நின்றுவிட்டால் பேரப்பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது?

இப்போது இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் பணிக்கு 2022-இல் ஏலம் முடிந்தது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறு இடம். அப்படியானால் ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் பிரிய நேரும். கோளிகளோ, தங்கள் ஊரின் எல்லையைத் தனியாக அளந்து குறிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இந்த நேரத்தில் எழுத்தறிவுதான் துணை. ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் அட்டை ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பெயரும் ஆண்டும் சரியா என்று படித்துப் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத தாளை நாலு பேராகச் சேர்ந்து படியுங்கள்.

சுவர் இடிந்தால் மீண்டும் கட்டலாம். அக்கம்பக்கமும் பேச்சும் கலைந்தால் மீண்டும் சேர்ப்பது கடினம். அவற்றைக் காப்பது வாழ்கிற மக்களின் கையில் இருக்கிறது.