பாதத்திலிருந்து தொடங்கட்டும் ஆராய்ச்சி

ஆண்டிமடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அரியலூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே!

2022 ஜனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் அரியலூருக்கு வந்தது. மருத்துவராகும் கனவு கலைந்து உயிர்நீத்த மாணவி குழுமூர் அனிதாவின் பெயர் அங்கே ஓர் அரங்கத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. கல்லூரி வந்துவிட்டது, இனி வைத்தியத்துக்குத் தஞ்சாவூர், திருச்சி என்று ஓட வேண்டாம் என்று மகிழ்கிறோம். நான் அதற்கு மேலும் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். நம் மக்களின் வலியைப் பற்றிய ஆராய்ச்சியும் இங்கேயே நடக்க வேண்டும். முதலாவதாக, நரம்பு வலி.

சர்க்கரை உள்ளவர்கள் இந்தக் கூட்டத்திலும் நிறையப் பேர் இருப்பீர்கள். ராத்திரி படுத்தால் பாதம் காந்துகிறது, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை என்கிறீர்கள். பகலில் அதே காலிலிருந்து செருப்பு கழன்று போனால் தெரிவதில்லை. ஒரே காலில் எரிச்சலும் மதமதப்பும் எப்படி? சர்க்கரை நரம்பின் நுனிகளைச் சிதைக்கிறது. சிதைந்த நரம்பு, முள் குத்தினால் சொல்வதில்லை. எதுவுமே படாதபோது நெருப்பு பட்டதாக மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அதனால்தான் சாதாரண வலி மாத்திரைக்கு அது அடங்குவதில்லை. சென்னையில் நடந்த பெரிய ஆய்வொன்றில், சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 26 பேருக்கு இந்த நரம்புப் பாதிப்பு இருந்தது. பங்குனி, சித்திரையில் வெறுங்காலோடு முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு? எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்!

மாணவர்களே, ஆராய்ச்சி சீமையில் நடப்பது என்று எண்ணாதீர்கள். பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, பையனுக்குத் தெரியவில்லை. இரவில் சிலருக்கு விரல்கள் குறைவதைக் காவலிருந்து பார்த்தபோது, எலி கடிப்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள்! வலி தெரியாமல் போனதுதான் விரலைப் பறித்தது என்று அவர் நிறுவினார். காலைக் காக்க அன்று வேலூரில் தேடிய மெத்தென்ற ரப்பர் செருப்பின் வழி வந்ததே, இன்று சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு. நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து பார்த்ததால் கிடைத்த உண்மை இது.

இனி மருந்து. நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்தவை. பிரீகாபலின் வலிப்புக்கும் தரப்படுவது. இதை யாரும் விளக்குவதில்லை. "மனநோய் மாத்திரை கொடுத்திருக்காங்க" என்று மருந்துக் கடையில் யாரோ சொன்னதும் பயந்து நிறுத்திவிடுகிறார் நோயாளி. மருத்துவர் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்த மனிதர் தூங்கியிருப்பார். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

எது நல்ல மருந்து? பிரிட்டனில் 13 மருத்துவமனைகளில் 130 பேருக்கு இந்த மருந்துகளை ஒன்றில் தொடங்கி, போதாதபோது இன்னொன்றைச் சேர்த்து, மூன்று வழிகளில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வந்தது. பத்துக்கு 6.6 என்றிருந்த வலி மூன்று வழியிலும் சராசரியாக 3.3க்கு இறங்கியது. ஆக, விலை குறைந்த பழைய அமிட்ரிப்டிலினில் தொடங்குவதும் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல. ஏழைக்கு இது பெரிய செய்தி. ஆனால் அந்த மாத்திரை தூக்கத்தை இழுக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாட்டைக் கறக்கும் அம்மாவுக்கு அது எப்படி ஒத்துவரும் என்று பிரிட்டன் சொல்லாது.

ஊராருக்கும் ஒன்று. ஆராய்ச்சி என்றதும் நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. 2009 முதல் மருந்துச் சோதனைகளை அரசின் பதிவேட்டில் பதிவது கட்டாயம். நமக்குப் புரியும் தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வைத்தியம் நிற்காது. கேள்வி கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மாணவர்களே, குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்கு வருகிறீர்கள். வரும்போது 10 கிராம் நைலான் இழையையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் பையில் வையுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அவற்றால் தொட்டுப் பாருங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் என்றால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் நரம்பு கெடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்கென்றே இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டு விடியலில் வேலைக்கு எழும் நம் முந்திரித் தோப்புத் தொழிலாளர்களில் எத்தனை பேர் தலை சுற்றி விழுகிறார்கள்? எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். வழிகாட்ட உங்கள் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்; பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.