ஏரி நிறைந்தது, கெண்டை மறைந்தது

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர்? சேலம், நாமக்கல் பக்கத்துச் செய்திகளில் மழைக்காலம் முழுக்க ஒலிக்கும் கணக்கு இது. அந்தத் தண்ணீரில் வாழ்ந்த மீன்களின் கணக்கை எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

புதுச்சத்திரத்து மீன்கடைத் தட்டில் கட்லா, ரோகு, ஜிலேபி கிடக்கின்றன. மூன்றும் காவிரிக்கு வந்தேறிகள். முதல் இரண்டும் கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஆப்பிரிக்க ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குள் நுழைந்தது.

காவிரியின் சொந்த மீன்கள் வேறு. வெண்கெண்டை அவற்றில் ஒன்று. இன்னொன்றை நீலகிரி அடிவாரத்துப் பவானி ஆற்றில் கண்டு, 1870களில் நூலில் பதிந்தார் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே. ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்: போவானிகஸ், அதாவது பவானிக் கெண்டை.

இந்த இனங்களின் வாழ்வு ஓடும் தண்ணீரை நம்பியது. கலங்கிய புதுவெள்ளம் வந்ததும் சினைக் கெண்டைகள் எதிரேறிப் போகும். ஓட்டமுள்ள ஆழங்குறைந்த இடங்களில் முட்டையிடும்.

1934இல் மேட்டூர் அணை எழுந்தது. ஆறு அங்கே ஏரியானது. 1955இல் பவானியின் குறுக்கே பவானிசாகர். பிற்பாடு மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். பாசனமும் மின்சாரமும் கிடைத்தன. மீன் ஏறும் வழி துண்டு துண்டானது. தேங்கிய நீரில் கட்லா கொழுத்தது; பவானிக் கெண்டை அருகிப்போய், உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அபாய நிலைக்குத் தள்ளப்பட்டது.

அதற்கு அடுத்த படி எப்படியிருக்கும் என்பதைச் சீனாவின் யுன்னான் மாகாணம் காட்டுகிறது. அங்குள்ள யீலோங் ஏரியில் மட்டுமே வாழ்ந்த ஒரு கெண்டைக்கு 1977இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. வயலுக்காக ஏரி நீரை உறிஞ்சிக்கொண்டே போனார்கள். 1981இல் சுமார் 20 நாள் ஏரி அடியோடு வறண்டது. பிறகு தண்ணீர் திரும்பியது, கெண்டை திரும்பவில்லை. அழிந்த இனம் என்றே அறிவித்துவிட்டார்கள்.

அங்கே ஏரி வற்றியதால் போனது. இங்கே ஏரி நிறைந்ததால் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் பவானிக் கெண்டையின் பெயருக்கு எதிரே 'அழிந்தது' என்ற சொல் இன்னும் விழவில்லை. கதவணைகளில் மீன் ஏறப் படிவழி அமைக்கவும், முட்டையிடும் மாதங்களில் வலையைச் சுருட்டி வைக்கவும் காவிரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. யீலோங்குக்கு அது கிடைக்கவில்லை.