லைக்னெஸ்: ஒரு சொல்லின் மெய்



இந்த இருக்கையில் முன்பு அமர்ந்தவர்களிடம் பாடம் கேட்டவன் நான். அவர்களுள் இருவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் தலைமையுரை ஆற்றுவது எனக்குப் பெரும்பேறு. அதே காரணத்தால் சற்று அச்சமும் இருக்கிறது.

மாநாட்டின் பொருள், ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் ஒரு பொருள் குறித்த பல சொற்கள். 1852இல் ரோஜெட் தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்டதும், திவாகரமும் பிங்கலமும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சொற்களைப் பொருள்வழித் தொகுத்ததும் இந்த அவைக்குப் புதியன அல்ல. அவற்றை அமர்வுக் கட்டுரைகள் விரிவாகப் பேசும். எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே சொல்லுக்குக் கொடுக்கிறேன்: லைக்னெஸ்.

இச்சொல்லுக்கு ஒற்றுமை, ஒப்பு, ஒப்புமை என்று எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. ரிசெம்பிளன்ஸ், சிமிலாரிட்டி இரண்டுக்கும் அதே வரிசைதான். ஆங்கிலம் பேசுவோர் இம்மூன்றையும் அப்படிக் கலந்து புழங்குவதில்லை. இரண்டு சட்டங்களையோ இரண்டு நோய்களின் அறிகுறிகளையோ வைத்துப் பார்க்கும்போது இயல்பாக வருவது சிமிலாரிட்டி. ரிசெம்பிளன்ஸ் பெரும்பாலும் புறத்தோற்றத்தைச் சார்ந்தது. லைக்னெஸ் முகத்தை விட்டு அதிகம் விலகாது. தாத்தாவின் மூக்கு பேரனிடம் தெரிந்தால் அது குடும்ப லைக்னெஸ். ஓவியர் தீட்டிய உருவப்படத்துக்கே அந்தப் பெயர் உண்டு. ஒருவருடைய உருவத்தை அனுமதியின்றி விளம்பரத்தில் போட்டதாக எழும் அமெரிக்க வழக்குகளில் ‘பெயரும் லைக்னெஸும்’ என்று சேர்ந்தே வரும்.

காரணம் சொல்லின் பிறப்பில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் லீச் என்றால் உடல். அதன் வழியாக, ஒரே வடிவுடையது என்ற பொருளில், லைக் வந்தது. இங்கிலாந்தின் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் சவப்பெட்டியை இறக்கிவைக்கும் கூரையிட்ட வாயிலுக்கு இன்றும் லிச்கேட் என்று பெயர். ஜெர்மனில் லைஹே என்றால் பிணம். பிரெஞ்சு வழி வந்த ரிசெம்பிளன்ஸிலும் இலத்தீன் அடியிலிருந்து வந்த சிமிலாரிட்டியிலும் இந்த உடல் இல்லை.

தொல்காப்பியர் உவமம் பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் வடிவையும் உரு நிறத்தையும் குறிக்கும். உவம உருபுகளையும் அவர் பிரித்துக் கொடுத்தார்: அன்ன வினைக்கு, புரைய மெய்க்கு, போல உருவுக்கு. செய்யுள் வழக்கு இந்த எல்லைகளில் அடங்கி நிற்கவில்லை. இன்றைய பேச்சில் ‘போல’ நான்கையும் விழுங்கிவிட்டது. ஆனாலும் ஒப்பு ஒருவகைப்பட்டதன்று என்ற தெளிவு அங்கே இருக்கிறது. அதை அணியிலக்கண வகுப்போடு நிறுத்திவிட்டோம். அகராதி மேசைக்குக் கொண்டுவரவில்லை. லைக்னெஸ் மெய்யுவமத்துக்கு உரிய சொல்.

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஓர் அவையில், இச்சொல்லுக்குச் ‘சாயல்’ என்பதையே முதற்பொருளாகத் தர வேண்டும் என்றேன். நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் மறுத்தார். தொல்காப்பிய உரியியலில் சாயலுக்கு மென்மைதான் பொருள், ஒப்புப்பொருள் பின்னால் ஏறியது என்றார். அவர் காட்டிய சான்று சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை என்னால் இன்றும் ஏற்க இயலவில்லை. உடலைக் குறித்த லீச் ஒப்புக்கு வரலாம், மென்மையைக் குறித்த சாயல் வரக் கூடாது என்பது என்ன நியாயம்?

அன்று நான் சொல்லத் தவறிய ஒரு சான்று உண்டு. நம் துறை அதிகம் புரட்டாத நூல் அது: தமிழ் விவிலியம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், மனிதனைப் படைக்கும் இடத்தில், எபிரேயத்தில் செலெம், தெமூத் என இரண்டு ஒப்புச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பில் அவை இமேஜ், லைக்னெஸ். புரோட்டஸ்டண்டு சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழில் அவை சாயல், ரூபம். லைக்னெஸுக்கு நேரே நிற்பது ரூபம்தானே, இது உங்கள் கட்சிக்கு எதிரல்லவா என்று கேட்கலாம். ஐந்தாம் அதிகாரத்தையும் பாருங்கள். ஆதாமுக்குச் சேத் பிறக்கும் இடத்தில் எபிரேயம் அவ்விரு சொற்களையே வரிசை மாற்றி ஆள்கிறது. அவை அவ்வளவு நெருங்கியவை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் தோற்றத்தைச் சொல்லவந்த மொழிபெயர்ப்பாளர்கள் மெய்யைத் தொட்ட சொற்களையே தேடினார்கள். ஒற்றுமை அவர்களுக்குத் தோன்றவில்லை.

வீட்டிலும் தோன்றுவதில்லை. பிள்ளை பார்க்க வரும் பெரியம்மாக்கள் ‘அப்பன் சாடை’ என்பார்கள், ‘ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கு’ என்பார்கள். அந்த உரித்தலிலும் உடல்தான் இருக்கிறது. ‘அப்பனோட ஒற்றுமையா இருக்கான்’ என்றால் சண்டை போடாமல் இருக்கிறான் என்று பொருள். ஒரு மொழிபெயர்ப்பு நூலில், இரு இனக்குழுக்களிடையே ஒற்றுமை மிகுதி என்று இருந்தது. மூலத்தில் இருந்தது சிமிலாரிட்டி. என் மாணவி ஒருத்தி, அவர்கள் இணக்கமாக வாழ்ந்தார்கள் என்று விடைத்தாளில் எழுதினாள். அவளுடைய மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பிழை எங்களைப் போன்ற அகராதிக்காரர்களுடையது.

பிற்பகல் அமர்வில் ‘எல்’ எழுத்துப் பதிவுகள் விவாதத்துக்கு வருகின்றன. லைக்னெஸுக்கு முதலில் சாயல், சாடை; அடுத்து உருவப்படம். ஒப்புமையைச் சிமிலாரிட்டிக்கு வைத்துக்கொள்வோம். ஒற்றுமையை இரண்டு பதிவுகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். மறுப்போர் சான்றுகளோடு வர வேண்டுகிறேன். விவாதம் முடியும்வரை நானும் அந்த அறையில் இருப்பேன்.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.