சிறைக்கு வெளியே தொடர்ந்த தண்டனை



1916இல் பிரிட்டன் கட்டாய இராணுவச் சேவையைச் சட்டமாக்கியது. ஏறத்தாழ 16,000 பேர் மனச்சான்றின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்தனர். அவர்களுள் ஒருவர் ஃபென்னர் பிராக்வே. கல்கத்தாவில் பிறந்த சோசலிசப் பத்திரிகையாளர். 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. அவருடைய சிறைக் கதவு திறந்ததோ 1919 ஏப்ரலில்தான்.

வெளியே மற்றொரு தண்டனை காத்திருந்தது. 21 வயது நிறைந்த ஆண்களுக்கும் 30 வயது கடந்த பெண்கள் பலருக்கும் வாக்குரிமை தந்த அதே 1918ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுப் பணியையும் ஏற்காத மறுப்பாளர்களிடமிருந்து போருக்குப் பிந்தைய 5 ஆண்டுகளுக்கு அதைப் பறித்தது. திருடிச் சிறை சென்றவன் தண்டனை முடிந்ததும் வாக்களிக்கலாம். கொல்ல மறுத்தவனுக்கு அவ்வுரிமை இல்லை! முதலாளித்துவ ஜனநாயகத்தின் தராசு இவ்வாறுதான் எடை போட்டது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பணியிழந்தனர். வேலை தேடிச் சென்ற இடங்களிலும் பலருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

பிராக்வே ஒதுங்கிவிடவில்லை. 1929இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு, காந்தியும் பல்லாயிரம் இந்தியரும் சிறையில் இருந்தபோது, இந்தியா குறித்து விவாதிக்க நாள் ஒதுக்குமாறு அவையில் விடாது வற்புறுத்தினார். ஆட்சியில் இருந்தது அவருடைய தொழிற்கட்சியே. அவை அவரை இடைநீக்கம் செய்தது.